நேர்ப்பொருளும் குறியீட்டுப் பொருளும்: தொடக்கக் கிறித்தவ மறைநூல் விளக்க மரபு – ஒரு மறுநோக்கு

முன்னுரை

ஒரு நூல் மறைநூலாக ஏற்கப்பட்டபின் அதற்கு உரை காண்பவர் ஓர் இக்கட்டுக்கு உள்ளாகிறார். நூலின் சொல்லை அவர் மாற்ற இயலாது. ஆனால் அச்சொல் பிறந்த காலமும் சமூகமும் மாறிவிட்டன. இந்நிலையில் சொல் சொன்னதையே பொருளாகக் கொள்வதா, அல்லது சொல் வேறொன்றைச் சுட்டுவதாகக் கொள்வதா என்னும் வினா எழுகிறது. கி.பி. முதல் ஐந்து நூற்றாண்டுகளின் கிறித்தவ உரையாசிரியர்களிடையே இவ்வினா பெரும் விவாதமாக நிகழ்ந்தது.

இவ்விவாதத்தை அறிமுகப்படுத்தும் நூல்கள் பெரும்பாலும் ஓர் எளிய பாகுபாட்டை முன்வைக்கின்றன. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வளர்ந்த மரபு குறியீட்டுப் பொருளை நாடியது. சிரியாவின் அந்தியோக்கியாவில் வளர்ந்த மரபு நேர்ப்பொருளைப் பேணியது என்பது அப்பாகுபாடு. நினைவில் இருத்துவதற்கு இது எளிது. எனினும் மூலநூல்களை நோக்கும்போது இருபுறமும் விதிவிலக்குகள் மிகுகின்றன. விதிவிலக்குகள் மிகுமானால் விதியையே ஐயுற வேண்டும்.

'நேர்ப்பொருளா, குறியீட்டுப் பொருளா' என்னும் ஒற்றை வினாவுக்குள் மூன்று தனித்தனி வினாக்கள் மறைந்துள்ளன என்பது இக்கட்டுரையின் கருத்து. நூல் கூறும் நிகழ்ச்சி நிகழ்ந்ததா அல்லது நிகழுமா என்பது முதல் வினா. நூல் இடும் கட்டளை சொல்லியவாறே செயற்படுத்தத்தக்கதா என்பது இரண்டாவது. நூல் சுட்டும் மக்கள் யார், அதன் வாக்குறுதி யாருக்குரியது என்பது மூன்றாவது. இவற்றை முறையே நிகழ்வு, கட்டளை, உரிமை எனச் சுட்டலாம். ஓர் உரையாசிரியர் ஒரு வினாவுக்கு நேர்ப்பொருளையும் மற்றொன்றுக்குக் குறியீட்டுப் பொருளையும் கொள்ளலாம். அவ்வாறு கொண்டும் உள்ளனர்.

ஆகார் கதையும் அதன் முதல் இரு விளக்கங்களும்

இம்மூன்று வினாக்களையும் ஒருங்கே காண்பதற்கு ஆகார் கதை தக்க சான்றாகும். தொடக்கநூலின்படி ஆபிரகாமின் மனைவி சாரா மகப்பேறு அற்றவள். அவள் தன் எகிப்திய அடிமைப்பெண் ஆகாரைக் கணவனிடம் கொடுக்கிறாள். ஆகாருக்கு இஸ்மயேல் பிறக்கிறான். பின்னர்ச் சாராவுக்கே ஈசாக்கு பிறக்க, ஆகாரும் அவள் மகனும் பாலைநிலத்திற்கு அனுப்பப்படுகின்றனர். தோற்பையிலிருந்த தண்ணீர் தீர்ந்து அவள் அழும்போது கடவுள் அவள் கண்களைத் திறக்கிறார். அவள் ஒரு கிணற்றைக் காண்கிறாள்.

அலெக்சாந்திரியாவின் யூத அறிஞரும் இயேசுவின் காலத்தவருமான பைலோ இக்கதைக்குக் கல்வி சார்ந்த பொருள் கண்டார். அவர் உரையில் சாரா மெய்யறிவு. ஆகார் இலக்கணம், இசை, வடிவியல் முதலிய தொடக்கநிலைக் கல்வி. மெய்யறிவை அடைய விரும்புவோன் முதலில் தொடக்கக் கல்வியோடு வாழ வேண்டும். ஆனால் அங்கேயே தங்கிவிடலாகாது. ஓமரின் காப்பியங்களுக்குக் கிரேக்க மெய்யியலார் கண்ட விளக்கமுறை இங்கு எபிரேய மறைநூலுக்குப் பொருத்தப்படுகிறது.

இவ்வளவு துணிந்து குறியீட்டுப் பொருள் கண்ட பைலோ, கட்டளை என வரும்போது தயங்குகிறார். ஓய்வுநாளுக்கும் விருத்தசேதனத்திற்கும் உட்பொருள் உண்டு என அறிந்த சிலர் அவற்றைக் கடைப்பிடிப்பதையே விட்டுவிட்டனர். அவர்களை அவர் கண்டிக்கிறார். சட்டத்தின் சொல்லை உடலாகவும் உட்பொருளை உயிராகவும் கருதும் அவர், உயிரின் உறைவிடமான உடலைப் பேணவேண்டும் என்கிறார். எனவே நிகழ்வுக்குக் குறியீடும் கட்டளைக்கு நேர்ப்பொருளும் கொண்டவர் பைலோ எனலாம்.

முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலாத்தியருக்குக் கடிதம் எழுதிய பவுல், அக்கடிதத்தின் நான்காம் இயலில் இதே கதையை எடுத்தாள்கிறார். அவர் உரையில் ஆகார் சீனாய் மலையில் செய்யப்பட்ட உடன்படிக்கை. அடிமைத்தனத்திற்குப் பிள்ளை பெறுபவள். அவர் காலத்து எருசலேமுக்கு நிகரானவள். உரிமைப்பெண்ணோ மேலே உள்ள எருசலேம். யூதச் சட்டத்தை மேற்கொள்ள முனைந்த பிற இனத்துக் கிறித்தவர்களைத் தடுப்பதே பவுலின் நோக்கம். சாராவின் வழிவந்தோர் எனத் தம்மைக் கருதிய யூதர் இவ்விளக்கத்தில் ஆகாரின் மக்களாகின்றனர். மூன்றாவது வினாவாகிய உரிமை இங்குத் தலைகீழாகத் திருப்பப்படுகிறது. தம் விளக்கமுறையைச் சுட்டப் பவுல் பயன்படுத்தும் 'அல்லெகோரூமெனா' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விடத்தில் மட்டுமே வருகிறது. 'ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவன' என்பது அதன் பொருள். பின்னர் வந்த உரையாசிரியர் அனைவரும் இச்சொல்லுக்கு விடை கூறக் கடமைப்பட்டனர்.

ஓரிகனின் கொள்கை

அலெக்சாந்திரிய மரபின் தலைமை உரையாசிரியர் ஓரிகன் (ஏறத்தாழ கி.பி. 185–254). 'முதற்பொருள்கள் குறித்து' என்னும் நூலின் நான்காம் பகுதியில் அவர் தம் கொள்கையை விரித்துரைக்கிறார். மனிதனுக்கு உடல், உயிர், ஆவி இருப்பதுபோல் மறைநூலுக்கும் மூவகைப் பொருள் உண்டு என்கிறார். சூரியனும் நிலவும் படைக்கப்படுமுன் மூன்று நாள்கள் எவ்வாறு கழிந்திருக்கும் என வினவுகிறார். கடவுள் உழவரைப்போலத் தோட்டம் நட்டார் என்பதைச் சொல்லியவாறே நம்புவார் உளரோ என்கிறார். உலகின் அரசுகளையெல்லாம் ஒரு மலையுச்சியிலிருந்து ஊனக்கண்ணால் காண இயலுமோ என்றும் கேட்கிறார். இத்தகைய இடங்கள் வாசகரைத் தடுத்து நிறுத்தி மேற்பொருளைத் தேடச்செய்யும் இடறுகற்களாகத் திட்டமிட்டே வைக்கப்பட்டவை என்பது அவர் முடிபு.

இப்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டி, ஓரிகன் வரலாற்றை மறுத்தவர் எனக் கூறுவது வழக்கம். அதே நூலில், நிகழ்ச்சியாகவே கொள்ளத்தக்க இடங்கள் அல்லாதவற்றைவிட மிகப் பல என்று அவர் தெளிவாகக் கூறியிருப்பது கருதப்படுவதில்லை. மேலும், 'உடற்பொருள்' என அவர் குறிப்பது சொல்லின் வெளிப்படைப் பொருளை மட்டுமே. நூலாசிரியர் உவமையாகவோ உருவகமாகவோ கூறியதை இன்றைய திறனாய்வு நேர்ப்பொருளின் பகுதியாகவே கொள்ளும். ஓரிகன் அதை வேறுபொருளின் பக்கம் சேர்க்கிறார். ஆகவே இன்றைய வாசகரும் ஓரிகனும் 'நேர்ப்பொருள்' என்னும் சொல்லால் ஒன்றையே குறிப்பதில்லை.

ஓரிகனுக்கு இக்கொள்கை தேவைப்பட்டதற்கு வலுவான காரணம் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் மார்க்கியோன் எபிரேய மறைநூலுக்குக் குறியீட்டுப் பொருள் கொள்ள மறுத்தார். சொல்லியவாறே படித்து, அதில் காணப்படும் கடவுள் இயேசுவின் தந்தை அல்லர் என முடிவுசெய்து, அந்நூல் முழுவதையும் ஒதுக்கினார். நேர்ப்பொருள் நூலைக் காக்கும், குறியீடு நூலைக் கரைக்கும் என்னும் பொதுக்கருத்துக்கு இது நேர்மாறானது. இங்கு நேர்ப்பொருள் நூலை ஒதுக்கக் கருவியாயிற்று; குறியீடே அதைக் கிறித்தவரிடம் நிலைக்கச் செய்தது.

ஆகாரின் கிணறு பற்றிய ஓரிகனின் மறையுரையும் நோக்கத்தக்கது. தோற்பைத் தண்ணீர் சட்டத்தின் எழுத்து, அது தீர்ந்துபோவது. கிணறு உயிருள்ள பொருள். அதன் அருகிலேயே இருந்தும் கண் திறவாதோர் பருக இயலாது. இதனை அவர் யூதர் மீது ஏற்றிக் கூறுகிறார். அத்தோடு நில்லாமல், தம் முன் அமர்ந்துள்ள கிறித்தவரும் அதே கிணற்றருகே கண்மூடிக் கிடப்பதுண்டு என எச்சரிக்கிறார். பிறரைச் சுட்டிய குறியீடு தம்மவரையும் சுட்டுவதாக மாறும் இவ்விடம் அவர் உரைமுறையின் சிறப்பைக் காட்டுகிறது.

பாகுபாட்டைக் கடக்கும் சான்றுகள்

அலெக்சாந்திரியா – அந்தியோக்கியா என்னும் பாகுபாட்டுக்குள் அடங்காத சான்றுகள் பல. அவற்றுள் நான்கு இங்குக் குறிப்பிடத்தக்கன.

முதலாவது, கட்டளை பற்றியது. விண்ணரசுக்காகத் தம்மைத் தாமே அண்ணகராக்கிக்கொள்வோர் பற்றிய மத்தேயு நற்செய்தியின் (19:12) கூற்றை இளமையில் சொல்லியவாறே கொண்டு ஓரிகன் தம் உடலைச் சிதைத்துக்கொண்டார் என வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் எழுதுகிறார். இச்செய்தியின் உண்மை குறித்து ஆய்வாளரிடையே ஐயம் உண்டு. ஆனால் பிற்காலத்தில் அந்நற்செய்திக்கு உரை எழுதியபோது ஓரிகன் அப்பகுதியைச் சொல்லியவாறே கொள்வதைக் கண்டிக்கிறார் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, எகிப்திலேயே தோன்றிய நேர்ப்பொருள் மரபு. மூன்றாம் நூற்றாண்டில் அங்கு ஆயராக விளங்கிய நேபோஸ், திருவெளிப்பாடு கூறும் ஆயிரமாண்டு ஆட்சி மண்ணுலகில் மெய்யாகவே நிகழும் என வாதிட்டு, குறியீட்டு விளக்கக்காரரை மறுத்து நூல் எழுதினார். அவர் மறைவுக்குப்பின் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் அர்சினோயே பகுதிக்குச் சென்று, நேபோசின் நூலை நடுவில் வைத்து மூன்று நாள்கள் அவ்வூர் மக்களோடு விவாதித்தார். எதிர்த்தரப்பினர் காட்டிய பொறுமையையும் உண்மை நாட்டத்தையும் அவரே பாராட்டி எழுதியுள்ளார். குறியீட்டுப் பொருளை ஆதரித்த இதே தியோனீசியுஸ், மொழிநடையை ஒப்பிட்டு, திருவெளிப்பாட்டின் ஆசிரியரும் நான்காம் நற்செய்தியின் ஆசிரியரும் ஒருவர் அல்லர் என நிறுவ முயன்றார். சொல்லை நுணுகி ஆயும் பண்பு ஒரு மரபுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, எந்தோர் ஊர்ப் பெண் இறந்த சாமுவேலை எழுப்பிய கதை. இதனைச் சொல்லியவாறே கொண்டு, சாமுவேலின் ஆன்மாவே மேலெழுந்தது என்றவர் ஓரிகன். அதனை மறுத்தவர் அந்தியோக்கியாவின் ஆயர் யூஸ்தாத்தியுஸ். எல்லாவற்றையும் குறியீடாக்கும் ஓரிகன் இங்கு மட்டும் எழுத்தைப் பற்றிக்கொண்டது ஏன் என அவர் வினவுகிறார். பாகுபாட்டின் இரு தரப்பும் இங்கு இடம் மாறி நிற்கின்றன.

நான்காவது, கப்பதோக்கியாவின் பேசில். ஓரிகனின் நூல்களிலிருந்து தொகுக்கப்பட்ட 'பிலோக்காலியா'வோடு மரபு இவர் பெயரை இணைக்கிறது. இவரே ஆறுநாள் படைப்புப் பற்றிய மறையுரைகளில், புல் என்றால் புல்லாகவும் மீன் என்றால் மீனாகவும் தாம் கொள்வதாகக் கூறிக் குறியீட்டு விளக்கத்தை விலக்குகிறார்.

அந்தியோக்கியரின் மறுப்பு

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தர்சு நகர் டையோடோரும் அவர் மாணவர்களான மொப்சுவெஸ்தியா தியோடோரும் யோவான் கிறிசோஸ்தோமும் ஓரிகன் மரபை மறுத்தனர். இவர்கள் மேற்பொருளையே மறுத்தவர்கள் எனக் கருதுவது பிழை. திருப்பாடல் உரையின் முன்னுரையில் டையோடோர், 'தியோரியா' என்னும் மேனோக்கைத் தாம் தடுக்கவில்லை என்கிறார். அந்த மேனோக்கு நிகழ்வின் மேல் எழ வேண்டும்; நிகழ்வை அழித்து எழுவது 'அல்லெகோரியா' என்பது அவர் வரையறை.

கலாத்தியர் உரையில் தியோடோர் இதனை மேலும் கூர்மையாக்குகிறார். நிகழ்ந்தவற்றையெல்லாம் இரவுக் கனவுகள் போலாக்கிவிட்டால் ஆதாமும் ஆதாம் அல்லன், தோட்டமும் தோட்டமன்று என்றாகிவிடும் என்கிறார். ஆகார் என ஒருத்தி வாழ்ந்திராவிடில் பவுல் எதனோடு எதனை ஒப்பிட்டார் என்பது அவர் வாதம். பவுல் செய்தது முன்நிகழ்ந்ததையும் இன்று நிகழ்வதையும் ஒப்புநோக்கியதே. எனவே அவர் பயன்படுத்திய சொல்லுக்கு 'ஒப்பீடு' என்பதே பொருள் என்கிறார். கிறிசோஸ்தோமோ பவுல் அச்சொல்லை வழக்கமான பொருளிலிருந்து நெகிழ்த்திப் பயன்படுத்தினார் என அமைகிறார்.

இவ்விடத்தில் ஒரு முரண் வெளிப்படுகிறது. நேர்ப்பொருளின் காவலர் எனப்படுவோர், பவுலின் சொல்லை அதன் நேர்ப்பொருளில் கொள்ள இயலாமல் விலகுகின்றனர். குறியீட்டின் காவலர் எனப்படும் ஓரிகனோ அச்சொல்லை உள்ளவாறே ஏற்றுத் தம் கொள்கைக்கு ஆதாரமாக்குகிறார்.

தமிழ் வாசகருக்கு இங்கு உள்ளுறை நினைவுக்கு வரலாம். கருப்பொருட் காட்சி தன்னளவில் நிறைந்து நிற்க, அதன்மேல் வேறு பொருள் எழுவது உள்ளுறை. டையோடோரின் வரையறை இதனோடு ஒத்ததாகத் தோன்றும். ஆனால் உள்ளுறை, செய்யுள் செய்வோன் அமைத்த உத்தி. தியோடோர் வற்புறுத்துவதோ காட்சியின் நிறைவை மட்டுமன்று. அது மெய்யாக நிகழ்ந்தமையையும் ஆகும். ஆகவே ஒப்புமை ஓரெல்லை வரையிலேயே பொருந்தும்.

நேர்ப்பொருளில் உறுதியாக நின்றதற்குத் தியோடோர் விலை கொடுக்க நேர்ந்தது. நான்கு திருப்பாடல்களையே கிறிஸ்துவைப் பற்றிய முன்னறிவிப்பாக ஏற்றமையும், இனிமைமிகு பாடலைச் சாலமோனின் திருமணப் பாட்டாகக் கொண்டமையும் அவர்மீது குற்றங்களாயின. கி.பி. 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம் அவரையும் அவர் எழுத்துகளையும் கண்டனம் செய்தது. அதே சங்கத்தின் கண்டனப் பட்டியலில் ஓரிகனின் பெயரும் இடம்பெற்றது. இரு மரபுகளின் தலைமை உரையாசிரியர்களும் ஒரே அவையில் விலக்கப்பட்டனர். ஓரிகனின் நூல்கள் பலவற்றைக் கிரேக்க மூலத்தில் காண இயலாமல் இலத்தீன் மொழிபெயர்ப்பிலும், தியோடோரின் நூல்கள் பலவற்றைச் சிரிய, இலத்தீன் மொழிபெயர்ப்புகளிலும் காண வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தியோடோரை 'உரையாசிரியர்' என்றே போற்றிய கிழக்குச் சிரிய மரபு கேரளத்தின் தோமா கிறித்தவரிடையே வழங்கியது. 1599இல் உதயம்பேரூரில் கூடிய சங்கம் அம்மரபின் சிரிய நூல்கள் பலவற்றை விலக்கியது.

அகுஸ்தீனும் விளக்கத்தின் விளைவும்

இளமையில் மானிக்கேயரோடு இருந்த அகுஸ்தீன் (354–430), மிலான் நகரில் அம்புரோசின் மறையுரைகளைக் கேட்டபின்னரே பழைய ஏற்பாட்டை மதிக்கத் தொடங்கினார். எழுத்தைக் கடந்த பொருள் உண்டு என்னும் அறிவே அவருக்கு அந்நூலைத் திறந்தது. பிற்காலத்தில் அவர் 'தொடக்கநூலின் நேர்ப்பொருள்' என்னும் பெயரில் பேருரை எழுதினார். அவ்வுரையில் படைப்பின் ஆறு நாள்களும் சூரியன் அளக்கும் நாள்கள் அல்ல. எல்லாம் ஒருங்கே படைக்கப்பட்டன. இதனையே அவர் நேர்ப்பொருள் என்கிறார். ஓரிகன் வேறுபொருள் எனக் கொண்டதற்கு அணுக்கமான ஒன்று, தலைப்பளவில் எதிர்த்தரப்பின் பெயரைப் பெறுகிறது.

'கிறித்தவப் போதனை' என்னும் நூலில் அவர் ஓர் அளவுகோலையும் வகுக்கிறார். நல்லொழுக்கத்திற்கோ மெய்யான நம்பிக்கைக்கோ பொருந்தாதது உருவகம் எனக் கொள்ளப்பட வேண்டும். அன்பின் ஆட்சிக்கு இட்டுச்செல்லும் வரை அதன் பொருள் ஆராயப்பட வேண்டும். இவ்விதி உயர்ந்தது. எனினும் அவர் கையிலேயே அது சோதனைக்கு உள்ளாயிற்று. வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்னும் பிரிவினரை அரசு வலிமையால் திருச்சபைக்குக் கொணர்வதை ஆதரித்து எழுதிய கடிதங்களில் அவர் ஆகாரை மீண்டும் அழைக்கிறார். சாரா ஆகாரை ஒறுத்தது கொடுமையன்று, திருத்தம். அதுபோலவே திருச்சபையின் ஒறுப்பும் என்பது அவர் வாதம். விருந்துக்கு வருமாறு கட்டாயப்படுத்துக என்னும் லூக்கா நற்செய்தியின் உவமைக் கூற்றையும் (14:23) அவர் துணைக்கொள்கிறார். உவமைக்குள் வரும் கட்டளை ஏறத்தாழச் சொல்லியவாறே செயற்படுத்தப்படுகிறது. அடிமைப்பெண்ணின் துன்பம் குறியீடாக்கப்படுகிறது. இரண்டு முறைகளும் ஒரே வன்முறைக்கு உதவுகின்றன.

இக்கால ஆய்வுகள்

இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளரிடையிலும் இப்பூசல் தொடர்ந்தது. ஜான் டேனியலூ, நிகழ்வைக் காக்கும் முன்னடையாள விளக்கத்தையும் அதனைக் கரைக்கும் உருவக விளக்கத்தையும் வேறுபடுத்தினார். ஹான்சன் 1959இல் வெளியிட்ட 'உருவகமும் நிகழ்வும்' என்னும் நூலில் ஓரிகனுக்கு வரலாற்றுணர்வு குறைவு என்றார். அதற்கு முன்னரே 1950இல் ஆன்றி டி லூபாக் 'வரலாறும் ஆவியும்' என்னும் நூலில் ஓரிகன் நிகழ்வை மதித்தவர் என வாதிட்டிருந்தார். இரு தரப்பும் முதல் வினாவாகிய நிகழ்வையே மையமாகக் கொண்டமை கருதத்தக்கது.

பிரான்சிஸ் யங் 1997இல் வெளியிட்ட ஆய்வு விவாதத்தை வேறு திசைக்குத் திருப்பியது. அந்தியோக்கியர் காத்தது இன்றைய பொருளிலான வரலாற்றையன்று. கதையின் கோவையையே என்பதும், இரு மரபுகளின் வேறுபாடு மெய்யியற் கல்வி, அணியியற் கல்வி ஆகியவற்றின் வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதும் அவர் கருத்து. மேலே காட்டிய சான்றுகள் இக்கருத்துக்கு அரணாகின்றன. எனினும் தியோடோரின் கலாத்தியர் உரை, கதைக்கோவையோடு அமையாமல் ஆகார் மெய்யாக வாழ்ந்தமையையும் கோருகிறது. இக்கோரிக்கையை அணியியற் கல்வியால் மட்டும் விளக்கிவிட இயலாது.

உரிமை பற்றிய வினாவை முன்னிறுத்தியவர் டேனியல் போயாரின். 1994இல் வெளிவந்த பவுல் பற்றிய நூலில், குறியீட்டு விளக்கம் யூதரின் உடல்சார்ந்த தனித்தன்மையைப் பொதுமைக்குள் கரைத்துவிடுகிறது என அவர் வாதிட்டார். இது புறக்கணிக்கவொண்ணாத வாதம். ஆனால் பழியைக் குறியீட்டின் மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது. எபிரேய நூலை நேர்ப்பொருளில் படித்த மார்க்கியோனும் யூதரின் மறைநூலை ஒதுக்கினார். குறியீட்டாளரான பைலோ யூத வாழ்முறையைக் காத்தார்.

தமிழ் விவிலியத்தில் ஒரு சொல்

இவ்விவாதத்தின் சுவடு தமிழிலும் உண்டு. புரோட்டஸ்டண்டு திருச்சபைகளில் நெடுங்காலம் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பவுல் ஆகார் கதைக்குப் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லை 'ஞானார்த்தம்' என்னும் கருத்தில் பெயர்க்கிறது. திருவெளிப்பாட்டில் (11:8) பெருநகர் ஒன்று சோதோம் எனப்படும் இடத்திலும் அதே ஞானார்த்தம் வருகிறது. ஆனால் அங்குள்ள கிரேக்கச் சொல் வேறு. 'ஆவிக்குரிய முறையில்' என்பது அதன் பொருள். பாலைநிலத்தில் மக்கள் உண்ட உணவைக் குறிக்கும் இடத்திலும் ஆவிக்குரியது என்பதற்கு 'ஞான' என்னும் அடையே வழங்குகிறது. ஆக, 'வேறுபொருள் கூறல்', 'ஆவிக்குரியது' என்னும் இரு கருத்துகளும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே ஓரிகனின் அடிப்படை முடிவு. அவற்றைப் பிரித்ததே அந்தியோக்கியரின் மறுப்பு. மொழிபெயர்ப்பாளர் கருதினரோ இல்லையோ, தமிழ்ச் சொல் ஒரு தரப்பைச் சார்ந்துவிடுகிறது. 'ஞானம்' உயர்வைச் சுட்டும் சொல்லாதலின், அதற்கு மாறான நேர்ப்பொருள் தாழ்ந்தது என்னும் மதிப்பீடும் உடன் வருகிறது. தமிழில் விவிலிய விளக்கவியலைப் பயில்வோர் இச்சொல்லை நடுநிலையான கலைச்சொல்லாகக் கொள்ளாமல், ஒரு விளக்கமரபின் பதிவாகக் கொள்வதே தகும்.

முடிவுரை

தொடக்கக் கிறித்தவ உரைமரபை இரு நகரங்களின் பெயரால் பிரிப்பது சான்றுகளோடு பொருந்தவில்லை. நிகழ்வு, கட்டளை, உரிமை என்னும் மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்பும்போது ஒவ்வோர் உரையாசிரியரின் நிலைப்பாடும் தெளிவாகிறது. பைலோ கட்டளையைக் காத்தார். மார்க்கியோன் நிகழ்வை ஏற்று நூலைத் துறந்தார். ஓரிகன் சில நிகழ்வுகளை விலக்கி நூலைக் காத்தார். தியோடோர் நிகழ்வைக் காத்துக் கண்டனம் பெற்றார். அகுஸ்தீன் அன்பை அளவுகோலாக வைத்தும் ஒறுத்தலுக்கு ஆகாரைத் துணைகொண்டார்.

விளக்கமுறை எதுவும் தன்னளவில் அறத்திற்கு உறுதி தருவதில்லை. ஆகார் வாழ்ந்தவள் என நிறுவியோரும் அவளைக் குறியீடாக்கியோரும் பெரும்பாலும் அவளை வேறொன்றை நிறுவும் சான்றாகவே கொண்டனர். பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்து அழுத அடிமைப்பெண்ணாக அவளை நோக்கியோர் அரிது. உரையாசிரியர் எம்முறையைக் கைக்கொண்டார் என்பதோடு, அம்முறையால் யாருடைய உரிமை காக்கப்பட்டது, யாருடையது பறிக்கப்பட்டது என்பதையும் ஆராய்வதே இத்துறையில் இனிச் செய்யத்தக்க பணியாகும்.